பணியாரக் கவுன்

சின்ன வயதில் எனக்குப் பொய் சொல்ல வராது. பெருமைக்குச் சொல்லவில்லை. வந்திருந்தால் எங்கள் வீடு அந்தக் கதிக்குப் போயிருக்காது.

போடியிலிருந்து அம்மா விடியுமுன்பே ஜீப்பேறி, மலைமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போவாள். ஸ்டோரில் உட்கார்ந்து உலர்ந்த காயைத் தரம் பிரிக்கிற சோலி. அப்பா நிழல்மரத்தில் கிளை கழிக்க ஏறி, விழுந்து, முதுகு போய் இரண்டு வருடமாகக் கட்டிலோடு கிடந்தார். சம்பாதிக்கிற கை அம்மாவுடையது மட்டும்தான். அக்கா ஒன்பதாவது படித்தாள், நான் மூன்றாவது. பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமைகளில் அம்மா என்னையும் மடியில் வைத்து ஜீப்பில் கொண்டுபோவாள்.

அம்மாவிடம் பழைய தையல் மெஷின் ஒன்றும், செய்தித்தாளில் வெட்டிய கவுன் அளவு ஒன்றும் இருந்தன. சாதா கவுன். வட்டக் கழுத்து, குட்டைக் கை, கீழே ஒரு மடிப்பு, அவ்வளவுதான். அக்காவின் கவுன்கள் எல்லாம் அந்தப் பேப்பரில் பிறந்தவை. எனக்கு மட்டும் அந்த வருடம், அதே அளவில் வெட்டிவிட்டு, கீழ் ஓரத்தில் இரட்டைத் துணியில் ஒரு பிரில் வைத்தாள். நாலு விரலுக்கு ஒரு தையல் மேலும் கீழுமாக ஓட்டினாள். இரண்டு தையலுக்கு நடுவே துணி உப்பிக்கொண்டு, பணியாரத்தை வரிசையாக அடுக்கின மாதிரி நின்றது. ஜீப்பில் வருகிற பெண்கள் அதற்குப் பணியாரக் கவுன் என்று பெயரே வைத்துவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

காலையில் அந்தப் பிரில் சொங்கிப் போய்த் தொங்கும். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு அம்மா, "பிரில் பிரிஞ்சு கெடக்கு, வெரசா வா ஆத்தா" என்று ஸ்டோருக்குப் பின்னால் கூட்டிப்போய் ஊசியும் நூலுமாக உட்காருவாள். எழுந்தால் பணியாரம் எல்லாம் உப்பியிருக்கும். நடக்கும்போது முழங்காலில் கனமாக இடிக்கும். உள்ளே ஏலக்காய் இருப்பது எனக்குத் தெரியும். "வாசத்துக்குத்தான் வைக்கிறேன். யார்ட்டயும் சொல்லிராத, கண்ணு பட்டுரும்" என்றிருந்தாள். முழுசாக நம்பினேன். சாயங்காலம் ஜீப்பேறுமுன் பெண்கள் எல்லோரும் சூப்பர்வைசர் முன்னால் முந்தானையை உதறி, தூக்குவாளியைத் திறந்து காட்ட வேண்டும். என்னை யாரும் உதறச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா தையலைப் பிரிப்பாள். மறுநாள் அப்பாவுக்கு மாத்திரை வரும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி எனக்கு இல்லை.

சூப்பர்வைசர் குடும்பம் ஸ்டோரை ஒட்டிய வீட்டில் இருந்தது. அவர் சம்சாரம் மலையாளக்காரி. என் வயதில் ஒரு மகள். ஒரு சனிக்கிழமை மத்தியானம், அம்மா ஊசியை முடித்துவிட்டு உள்ளே போன பிறகு, வாசலில் விளையாடிக்கொண்டிருந்த என்னை அந்த அம்மாள் பார்த்துவிட்டாள்.

"மோளே, இங்க வா. இது யாரு தைச்சது? நல்ல பங்கியா இருக்கே!"

செல்போனில் முன்னும் பின்னும் படம் எடுத்தாள். மனசு ஆறவில்லை. மகளுக்கும் இதே மாதிரி தைக்க வேண்டும், கழற்றிக் கொடு, அளவு வரைந்துகொண்டு பத்து நிமிடத்தில் தருகிறேன் என்றாள். சூப்பர்வைசர் மகளுக்கே என் கவுன்! ரகசியத்தைச் சொல்லாதே என்றுதானே அம்மா சொன்னாள், கழற்றாதே என்று சொல்லவில்லையே. ஷிம்மீசோடு நின்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தரையில் பேப்பரை விரித்து, கவுனைப் பரப்பி, பென்சிலால் ஓரம் பிடித்து வந்தாள். பிரில் படியவில்லை. உள்ளங்கையால் அழுத்தினாள். நொறுநொறுவென்று ஏதோ உடைந்தது. கவுனை எடுத்து முகர்ந்தாள், உள்பக்கம் திருப்பினாள். பிறகு என்னைப் பார்க்காமலே புருஷனைக் கூப்பிட்டாள்.

அம்மா வந்தபோது பிரிலைப் பிரித்துக் காயைப் பேப்பரில் கொட்டியிருந்தார்கள். மற்றப் பெண்களும் பின்னால் வந்து நின்றார்கள். அம்மா காயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பாய்ந்து வந்து முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். ஸ்டோர் முழுக்கக் கேட்டது.

"களவாணிக் கழுதை! நான் அசந்த நேரம் பாத்துப் பெறக்கித் திணிச்சியாடி? சார், வெளையாட்டுப் புள்ள சார், தெரியாமச் செஞ்சுருச்சு."

அந்த மலையாளத்து அம்மாளுக்கு மனசு இளகிவிட்டது. "கொச்சுக் குழந்தைதானே, விடுங்க" என்றாள். சூப்பர்வைசர் என் முன்னால் குனிந்தார். "நீயா வச்சே? பயப்படாமச் சொல்லு."

ஆமாம் என்று ஒரு வார்த்தை. தலையை ஆட்டியிருந்தால்கூடப் போதும். எனக்கோ அநியாயமாக அடி வாங்கிய ஆத்திரம், எல்லோர் முன்னாலும் கழுதை என்ற ஆத்திரம். அரிச்சந்திரன் பேத்தி வாயைத் திறந்தேன்.

"நான் இல்ல! அம்மாதான் வச்சுச்சு. ஒவ்வொரு சனிக்கெழமையும் அம்மாதான் வைக்கும்!"

அம்மா என் கவுனை எடுத்து உதறி, தலைவழியாக எனக்கு மாட்டிவிட்டாள்.

அன்று வீட்டில் பிரிலைக் கத்தரித்து எறிந்துவிட்டு, கவுனுக்குச் சாதா மடிப்பு அடித்தாள். நான் அதற்குத்தான் தரையில் புரண்டு அழுதேன். ஜீப் மலையிறங்குவதற்குள் சேதி எல்லாத் தோட்டத்துக்கும் போய்விட்டது. அம்மாவை ஏற்ற எந்த ஜீப்பும் தயாராக இல்லை. திங்கட்கிழமை விடியலில் அம்மாவின் தூக்குவாளியோடு அக்கா ஏறினாள், வேறொரு தோட்டத்துக்கு, களை எடுக்க. கணக்கில் வகுப்பிலேயே அவள்தான் முதல். கொஞ்ச நாளில், மெட்டில் சூப்பர்வைசர் மகளைப் பார்த்ததாகச் சொன்னாள். பணியாரப் பிரில் வைத்த கவுன், உள்ளே பஞ்சு அடைத்திருந்ததாம்.

அக்கா இன்றைக்கும் அந்த மலைக்குத்தான் போகிறாள். என்னைப் படிக்க வைத்தது அவள் சம்பளம். ஒருநாளும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருக்கிறது.

அம்மாவும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. அவள் அடித்தது மட்டும் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு அடித்தாள். சத்தம்தான் பெரிதாக வந்தது, துளி வலிக்கவில்லை. ஏன் வலிக்கவில்லை என்று அந்தக் கழுதைக்கு அன்று யோசிக்கத் தோன்றவில்லை.