ஐஸ் ஆட்டக்காரியிடம் குறி கேட்ட அம்மா

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஐஸ் என்றால் பக்கத்து ஊரான பிரிஞ்சாங் பசாரில் மீன் பெட்டிக்குள் கிடப்பதுதான். குளிருக்குக் குறைவில்லாத ஊர். காலையில் வேலைக்கு முன் பெரட்டுக்குப் பேர் கொடுக்க நிற்கும்போது பல் தந்தியடிக்கும். ஆனால் தண்ணீர் உறைந்து யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட இடத்தில், எழுபதுகளின் கடைசியில், கொழுந்தெடுக்கும் பெண்கள் முப்பது பேர் பனிச்சறுக்கு நடனத்துக்கு அடிமையாகிக் கிடந்தார்கள் என்று சொன்னால் இன்று யாரும் நம்புவதில்லை. என் பிள்ளைகளே நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும்.

வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளுக்கெல்லாம் பொதுவாக மண்டபத்தில் ஒரு கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதில் விளையாட்டு நிகழ்ச்சி வரும். ஆண்கள் பந்து பார்க்க முன்பெஞ்சைப் பிடித்து வைத்திருப்பார்கள். ஒரு ஞாயிறு பந்து முடிந்தும் யாரும் டிவியை அணைக்கவில்லை. காலில் கத்தி கட்டிய ஒரு பெண் பின்பக்கமாகவே ஓடிக்கொண்டிருந்தாள். வெளியே குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்த அம்மா ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்து, ஈரக்கையோடு கடைசிவரை நின்று பார்த்தாள். பின்னாலேயே மற்ற பெண்களும் வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஐஸ் ஆட்டம் உள்ள வாரங்களில் ஆண்கள் தாமாகவே பின்பெஞ்சுக்குப் போகப் பழகிக்கொண்டார்கள்.

அதில் அப்படி என்ன இருந்தது என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. மழை பெய்த மறுநாள் செம்மண் சரிவில், முதுகில் நிறைந்த கூடையோடு இறங்கியவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். வழுக்கும் இடத்தில் விழாமல் நிற்பதுதான் எங்கள் பிழைப்பு. அதையே ஒருத்தி சிரித்த முகத்தோடு, பாட்டுக்கு ஏற்றபடி, குட்டைப் பாவாடையில் செய்தால் பார்க்காமல் எப்படி இருக்க முடியும்? அம்மா ஆட்டக்காரியின் முகத்தையோ உடுப்பையோ பார்க்கமாட்டாள். காலை மட்டும்தான் பார்ப்பாள். அந்தப் பெண் தாவுவதற்கு முன்பே, "சாயுறா" என்பாள். சொன்னபடியே அவள் விழுவாள்.

மார்க் போடும்போதுதான் மண்டபம் ரெண்டுபடும். ஆறுக்கு ஐந்து புள்ளி எட்டு, ஐந்து புள்ளி ஆறு என்று வரும். எங்கள் தோட்டத்தில் மழை நாளில் கொழுந்து நிறுத்தால், இலையில் ஈரம் இருக்கிறதென்று கணக்கெழுதும் கிராணி கொஞ்சம் கழித்துவிடுவார். ஆகவே ஆறில் குறைந்ததெல்லாம் ஈரத்துக்குக் கழித்தது என்று லயத்துப் பெண்கள் முடிவு கட்டியிருந்தார்கள்.

"ஐஸுன்னா ஈரமாத்தானே இருக்கும். அதுக்கு அந்தப் புள்ள என்னா செய்யும்?" என்று பக்கத்து வீட்டு அத்தை நடுவர்களைத் திட்டுவாள். நான் பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்ற தைரியத்தில் ஒருமுறை விளக்கிச் சொல்லப் பார்த்தேன். "நீ சும்மா இருலா. கிராணிங்கள எங்களுக்குத் தெரியாதா?" என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

ஜெயிக்கிறவர்களை எல்லோருக்கும் பிடிக்கும். அம்மா பிடித்துக்கொண்டது எப்போதும் நாலாவதாக வருகிற ஒருத்தியை. கட்டையான உருவம், உருண்டு திரண்ட கால்கள். பெயர் யார் வாயிலும் நுழையவில்லை, அதனால் "நம்ம புள்ள" என்றே அவளுக்குப் பெயராகிவிட்டது. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் அவளைக் காட்டுவார்கள். ஆட்டத்தின் நடுவில் ஒரு பெரிய தாவல் வரும். ஒவ்வொரு தடவையும் அதில் விழுவாள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அவளைப் பற்றி ஒரு தகவலும் இருக்காது. "கால் வலி தீந்துருக்குமா அதுக்கு?" என்று கொழுந்து மலையில் கவலைப்படுவார்கள், தூரத்தில் கட்டிக்கொடுத்த மகளைப் பற்றிப் பேசுவதுபோல.

நான் பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் முடித்த பிறகு, மலைக்குக் கீழே ஈப்போவில் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருப்பதாகக் கடிதம் வந்தது. மூன்று வருஷம் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். பெற்றோர் சம்மதத்தோடு இரண்டு வாரத்துக்குள் பதில் போடச் சொல்லியிருந்தார்கள். மறுநாளே லயத்தில் எல்லோரும் என்னை, தாதியைக் கூப்பிடுவதுபோல "மிஸ்ஸி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தேயிலை ஆலையில் வேலை செய்த அப்பா, "எனக்குச் சம்மதந்தான். ஒங்கம்மாவக் கேளு" என்று ஒதுங்கிக்கொண்டார். அம்மா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. நான் ஒரே பிள்ளை.

அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. தன்னால் தீர்மானிக்க முடியாத காரியத்தை மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூக்கட்டிப் பார்ப்பாள். இதற்கும் வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூ ஒரு பொட்டலத்திலும் கட்டிச் சாமி முன்னால் போட்டாள். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். அங்கே நின்ற ஒரு சின்னப் பெண்ணை எடுக்கச் சொன்னாள். வெள்ளை வந்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது.

"அது கையில மிட்டாய் வச்சிருந்துச்சு. சரியா எடுக்கல" என்று சொல்லி அம்மா மறுபடியும் பூக்கட்டினாள். இந்தத் தடவை சிவப்பு. வந்த கோபத்தில் அம்மாவோடு சேர்த்து மாரியம்மனையும் திட்டினேன், மனசுக்குள்தான்.

அந்த வாரம் சனிக்கிழமை, பிரிஞ்சாங்கில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பிய அம்மா பையை இறக்கி வைத்ததும் பேசினாள்.

"சாமி ரெண்டு மாதிரியும் சொல்லிருச்சு. நாளைக்கு விட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை ஐஸ் ஆட்டம் காட்டுறாங்கன்னு டிவியில சொன்னான்ல? நம்ம புள்ள விழாம ஆடிட்டா நீ ஈப்போக்குப் போ. விழுந்துட்டா இங்கயே ஒரு வேலையப் பாத்துக்க."

அந்த ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமைதான் கடிதம் தபாலில் சேர வேண்டிய கடைசி நாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் நான் ஒப்புக்கொண்டேன். அவள் ஒவ்வொரு தடவையும் விழுகிறவள் என்று தெரிந்தேதான் ஒப்புக்கொண்டேன். ரசிகை புத்தி அப்படிப்பட்டது. இந்தத் தடவை நிற்பாள் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். போன தடவைகூட நூலிழையில்தானே தவறினாள் என்று மனசு கணக்குச் சொல்லும்.

புதன்கிழமை தபால்தலை வாங்க பிரிஞ்சாங்குக்குக் காய்கறி லோரியில் போனேன். அங்கே எங்களுக்குப் பழக்கமான மளிகைக் கடை, ராமநாதபுரத்துப் பக்கம் பூர்வீகமான ஒரு பாயுடையது. தினமும் தமிழ்ப் பேப்பரும் இங்கிலீஷ் பேப்பரும் வாங்குவார். படிக்கத் தெரியாதவர்கள் கேட்டால் செய்தியோ கடிதமோ முகம் சுளிக்காமல் படித்துச் சொல்வார். பாய் யாருக்கோ பருப்பு நிறுத்துக்கொண்டிருந்ததால் பெஞ்சில் உட்கார்ந்து பழைய பேப்பர்க் கட்டைப் புரட்டினேன். விளையாட்டுப் பக்கத்தின் அடியில், கட்டைவிரல் அகலத்தில் ஒரு செய்தி. ஞாயிற்றுக்கிழமை டிவியில் காட்டப் போகிற அதே ஐஸ் ஆட்டப் போட்டி முடிந்துவிட்டது. முதல் மூன்று பேரின் பெயர்கள். அடுத்த வரியில் நம்ம புள்ள. தாவும்போது விழுந்தாள், நாலாம் இடம். அவ்வளவுதான் செய்தி.

டிவியில் காட்டுவது அப்போதே நடக்கிறது என்று லயமே நம்பிக்கொண்டிருந்தது. படித்தவள் என்று பீற்றிக்கொண்ட நானும் அதை யோசித்துப் பார்த்ததில்லை. அம்மா குறி கேட்ட ஆட்டம் எப்போதோ ஆடி முடிந்து, விழ வேண்டியவள் விழுந்து, ஊர் போய்ச் சேர்ந்திருந்தாள். பேப்பரை மடித்துக் கட்டுக்கு அடியில் சொருகினேன். பாய், "என்னாம்மா, மொகம் வாடிப் போச்சு?" என்று கேட்டார். தலைவலி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஆட்டம் பழசு, குறி செல்லாது என்று அம்மாவிடம் வாதாடலாம். ஆனால் விழுந்துவிட்டாள் என்ற சேதியும் அதோடு சேர்ந்தே போகும். சொல்லாமல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அதுவே தெரிந்துவிடும். முன்னால் போனால் கடிக்கும், பின்னால் வந்தால் உதைக்கும் என்ற கதைதான்.

ஞாயிறு காலை மண்டபத்துக்குப் பின்னாலிருந்த மேட்டில் ஏறினேன். டிவி ஏரியலை ஒரு மூங்கிலில் கட்டி அங்கே நட்டிருந்தார்கள். ஒயரைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும், படம் போய்விடும். கையும் வைத்துவிட்டேன். பிறகு எடுத்துவிட்டேன். அதை நேர்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நம்ம புள்ள ஆடுவதை நான் பார்க்க வேண்டும். எத்தனை மாதம் காத்திருந்தது. என் படிப்பே தொங்கலில் கிடக்கும்போதும் அந்த ஆசை போகவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது, கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது.

மத்தியானம் மண்டபம் நிரம்பியது. அம்மா முன்பெஞ்சில், நான் அவளுக்குப் பக்கத்தில். பெரிய நாட்டுப் பெண்கள் இரண்டு பேர் ஆடி முடித்த பிறகு நம்ம புள்ள வந்தாள். பாட்டு ஆரம்பித்தது. முதல் தாவலில் சுத்தமாக நின்றாள். இரண்டாவதிலும் நின்றாள். பேப்பரில் அச்சடித்ததை என் கண்ணால் படித்திருந்தேன். இருந்தும், பேப்பர்காரன் தப்பாகப் போட்டிருப்பானோ என்று ஒரு நிமிஷம் நம்பினேன். சத்தியமாக நம்பினேன்.

பெரிய தாவலுக்கு அவள் திரும்பினாள். "சாயுறா" என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். அம்மா வாயைத் திறக்கவில்லை. நம்ம புள்ள எழும்பினாள், சுற்றினாள், விழுந்தாள். இடுப்பு ஐஸில் மோதி, கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போனது. மண்டபத்தில் முப்பது பேரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். நான் அம்மா பக்கம் திரும்பவில்லை.

பாட்டு அவளுக்காக நிற்கவில்லை. அவள் எழுந்து, நாலைந்து எட்டில் ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் சுழன்றாள், வளைந்தாள், சிரிக்கவும் சிரித்தாள். ஆட்டம் முடிய அரை நிமிஷம்கூட இருக்காது, வர்ணனையாளர் குரலை உயர்த்தி ஏதோ சொன்னார். இது திட்டத்திலேயே இல்லை என்கிறார் என்று எனக்குப் புரிவதற்குள், அவள் எந்தத் தாவலில் விழுந்தாளோ அதே தாவலுக்கு மறுபடியும் திரும்பிவிட்டாள். அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். நம்ம புள்ள எழும்பினாள், சுற்றினாள், ஒற்றைக் காலில் இறங்கினாள். லேசாக ஆடினாள், ஆனால் நின்றாள்.

பேப்பரில் இது இல்லை. இதில் ஒரு எழுத்துகூடப் பேப்பரில் இல்லை.

மார்க் வந்தது, அத்தை வழக்கம்போல ஈரத்துக்குக் கழித்தவர்களைத் திட்டினாள். நாலாம் இடம். அம்மா எழுந்து வெளியே நடந்தாள். நானும் பின்னால் போனேன். எங்கள் லயத்துக்கு ஏறும் படியில் பாதி தூரம் வந்ததும் நின்றாள்.

"பாய் படிச்சப்ப விழுந்துட்டான்னு மட்டுந்தான் சொன்னாரு" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எப்பம்மா சொன்னாரு?"

"போன வாரம், சனிக்கெழம சாமான் வாங்கப் போனப்ப. நம்ம புள்ளயப் பத்தி ஏதாச்சும் போட்டுருக்கான்னு கேட்டேன். படிச்சாரு. அதத்தான் டிவியில காட்டப் போறாங்கன்னும் சொன்னாரு."

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்து பையை இறக்கி வைத்ததும்தான் அம்மா எனக்கு நிபந்தனை போட்டாள். கோபத்தோடு கேட்டேன்.

"விழுவான்னு தெரிஞ்சுக்கிட்டேதான் குறி கேட்டியா?"

"ஆமா" என்றாள். தலையைக் குனியவில்லை. "ஒன்னைய அனுப்ப எனக்கு மனசில்ல. போகாதன்னு வாயால சொல்லவும் முடியல. அவ சொல்லட்டும்னு விட்டேன்."

திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வேறு ஏதோ வாயில் வந்தது. "எனக்கும் தெரியும்மா. புதன்கெழமையே பேப்பரப் பாத்துட்டேன்."

அம்மா என்னை உற்றுப் பார்த்தாள். "தெரிஞ்சுமா வந்து உக்காந்திருந்த?"

"நீயுந்தானே உக்காந்திருந்த?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படியிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். நானும் சிரித்தேன். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த லெட்டர எங்க வச்சிருக்க? எடுத்தா" என்றாள்.

சம்மதப் படிவத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார். அம்மா தன் பெருவிரலையும் அதற்குப் பக்கத்தில் ஊன்றினாள், அங்கே அதற்கு இடமே ஒதுக்கவில்லை. உறையை ஒட்டும்வரை என் பக்கத்திலேயே நின்றாள்.

"கீழ போயி நீயும் விழத்தான் செய்வ" என்றாள். "விழுந்தா எனக்கு எழுதிப் போடு, பாய் படிச்சுச் சொல்லுவாரு. ஆனா எந்திரிச்சதையும் சேத்து எழுது. அந்தப் பேப்பர்காரனாட்டம் பாதியில நிப்பாட்டாத."