அம்மாவின் கூழ் என்று சொன்னேன்

என் மனைவியின் தாயான மாமியின் கூழை என் அம்மாவின் கூழ் என்று பல வருடங்களாகச் சொல்லிவந்தேன். மாமியே பக்கத்தில் இருந்து அதைக் குடித்த அன்றும் அந்தப் பொய்யைத் திருத்தவில்லை. அறியாமல் செய்ததல்ல. நான் படித்தவன். இளமையில் சாதிக்கு எதிராக மேடைகளில் பேசியவன். கடற்கரை ஊரிலிருந்து ஒரு பெண்ணை விரும்பிக் கட்டியவன். எங்கள் வீட்டிலிருந்து கல்யாணத்துக்கு அக்கா மட்டும் வந்தார். மீன்பிடிக்கிற வீடென்று ஒரு மிடறு தண்ணீரும் வாங்காமல் எழும்பிப் போனார்.

பிறகு போரினால் ஊரை விட்டு எல்லோரும் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தோம். நாங்கள் கெல்சென்கிர்ச்சனில், அக்கா குடும்பம் பிராங்பேர்ட்டில், மற்றவர்கள் அங்கங்கே. கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கால்வாய்க்கரையில் சொந்தங்கள் கூடுவது வழக்கமாயிற்று. அந்த நாட்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பஞ்சுதான். கரையில் நின்ற பொப்லார் மரங்களிலிருந்து வெள்ளைப் பஞ்சு இறங்கிக்கொண்டே இருக்கும். அதற்குள்ளால் நிலக்கரிப் படகுகள் சத்தமில்லாமல் போகும். அடுப்புப் புகை தண்ணீரின் மேல் சாய்ந்து கிடக்கும். எந்தக் காட்சி எந்த வருடத்தது என்று இப்போது பிரித்தெடுக்க முடியவில்லை. எல்லாம் ஒரே நீளமான பகல் போலத் தெரிகிறது.

அந்தப் பகலின் நடுவில் கூழ்ப்பானை. என் மனைவி, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவை முதல்நாளே ஊறவிட்டு, காறல் போகும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி வடிப்பாள். மீன்தலையும் இறாலும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் ஒரு பிடி அரிசியும் அவிய, புளியும் காய்ந்த செத்தல் மிளகாயும் கரைத்த மா கடைசியில் இறங்கும். இது எல்லா வீட்டுக் கூழுக்கும் பொது. அவள் வீட்டுக் கூழுக்கு ஒன்று கூட உண்டு. நண்டுக் கால்களை ஓட்டோடு இடித்து, பிழிந்து, அந்தச் சாற்றை மாவுக்கு முன்னால் விடுவார்கள். அவளுடைய தாய்க்கு அவருடைய தாய் காட்டியது, அவருக்கு அதற்கு முந்தியவர். கடலுக்குப் போனவர்கள் விடியலில் குளிரோடு வந்து குடித்த கூழ் அது.

முதல் ஒன்றுகூடலில் அக்கா ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"தம்பி, இது ஆர் பழக்கினது?"

மனைவி அடுப்புக்குக் குனிந்திருந்தாள். உண்மையைச் சொன்னால் அக்கா குவளையைக் கீழே வைத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அவர் எங்களோடு வட்டமாக இருந்து குடிப்பதைக் குலைக்க மனம் வரவில்லை.

"அம்மா," என்றேன். "கடைசிக் காலத்தில எனக்குச் செய்து தந்தவ."

வீட்டுக்கு வரும்போது மனைவி சொன்னாள்: "சரி விடுங்கோ. மச்சாள் என்ர கையால குடிச்சாவே, அது காணும்." நானும் அது போதும் என்றே எடுத்துக்கொண்டேன்.

பொய் அங்கே நிற்கவில்லை. அடுத்தடுத்த வருடங்களில் அக்காவுக்கு அம்மா கூழ் காய்ச்சிய நாட்கள் ஞாபகம் வரத் தொடங்கின. முருங்கை மரத்துக்குக் கீழே மூன்று கல் வைத்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, நண்டை இடிக்கிற அம்மா. அம்மா வாழ்க்கையில் நண்டைத் தொட்டதில்லை. ஆனால் அக்கா சொல்லச் சொல்ல எனக்கும் அந்த மரமும் புகையும் தெரிந்தன. இன்றைக்கும் கண்ணை மூடினால் என் அம்மா நண்டு இடிக்கிறார். அது நடக்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அழகாக இருக்கிறது.

ஊரில் போர் நின்றிருந்த சமாதான காலத்தில் மாமி விசா கிடைத்து எங்களிடம் வந்தார். ஒன்றுகூடலுக்குக் கூட்டிப் போகுமுன் சமையலறையில் வைத்து அவரிடம் சொன்னேன்: "மாமி, அங்க கூழைப் பற்றி ஒண்டும் கதைக்க வேண்டாம்." அவர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் வெட்கப்பட்டிருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

கால்வாய்க்கரையில் அக்கா அவருக்கு அருகே வந்து இருந்தார். "குடியுங்கோ. எங்கட அம்மான்ர கூழ். எப்பிடி இருக்கு?"

மாமியின் தலைமயிரில் பஞ்சு ஒட்டியிருந்தது. குவளைக்குள் பார்த்தபடி சொன்னார்: "நல்லாயிருக்கு. உங்கட அம்மா நல்ல கைகாரி."

மனைவி எழும்பித் தண்ணீர்க் கரைக்குப் போனாள். முதுகு குலுங்கியது. நான் அகப்பையைப் பிடித்துக்கொண்டு அடுத்தவருக்கு ஊற்றினேன்.

மாமி ஊருக்குத் திரும்பினார். அடுத்த கோடையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். "இது என்ர மாமியின்ர கூழ். அம்மா இதைக் காய்ச்சினதே இல்லை. அண்டைக்கு மாமி இதில இருக்கேக்கயும் நான் உண்மையைச் சொல்லேல்லை."

அக்கா குவளையைப் புல்லில் வைத்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். "அப்ப நான் கண்டது ஆரை?" என்று மட்டும் கேட்டார். பிறகு மகனிடம் காரை எடுக்கச் சொன்னார்.

வீட்டு வாசலில் வைத்து மனைவி சொன்னாள்.

"என்னை ஒரு சொல் கேட்டனீங்களோ? உங்கட பாரம் இறங்கிட்டுது. இனி என்ர அம்மான்ர சாதியைப் பற்றி முழு ஜெர்மனியும் டெலிபோனில கதைக்கும். அதைக் கேக்கிறது நான்."

நான் அதை யோசித்திருக்கவில்லை. நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில் அவளை இரண்டாம் தரமும் கேட்காமல் விட்டிருந்தேன்.

மாமிக்குப் போன் எடுத்தேன். "மாமி, எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், கூழ் உங்கடயெண்டு."

"ஏன் தம்பி? அண்டைக்குப் புளியெல்லோ கூடிப்போச்சு. உங்கட அம்மான்ரயெண்டு சொன்னது எனக்கு நல்லதாப் போச்சு." சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எனக்கு ஒண்டுமில்லை தம்பி. ஆனா பிள்ளை அண்டைக்கு அழுதவள். அதை நான் மன்னிக்க ஏலாது. அவளிட்டத்தான் கேக்கவேணும்."

கேட்டேன். "கேட்டுட்டீங்கள்தானே," என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள்.

அடுத்த ஒன்றுகூடலுக்கு அக்கா வரவில்லை. வேறு சிலரும் வரவில்லை. வேலை, பிள்ளைகளுக்குப் பரீட்சை என்றார்கள். வந்தவர்களிலும் இரண்டொருவர் வயிறு சரியில்லை என்று வெறும் பாண் ரொட்டியைச் சாப்பிட்டார்கள். மனைவி வழக்கமான பானையில்தான் காய்ச்சினாள், குறைக்கவில்லை. தானே நின்று ஊற்றினாள். ஒவ்வொருவருக்கும் ஊற்றும்போது, "எங்கட அம்மான்ர கூழ்," என்றாள். என் முறை வந்தபோதும் அதையே சொன்னாள். நான் குவளையைப் பிடித்தபடி நிற்க, "தள்ளுங்கோ, பின்னால ஆக்கள் நிக்கினம்," என்றாள். ஒரு நாளும் மிஞ்சாத கூழ் அன்றைக்கு அரைப்பானை மிஞ்சியது. மூடியைத் துவாயால் கட்டி மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தாய்க்குப் போன் எடுத்தாள். "ஓம் அம்மா, மிஞ்சிப்போச்சு," என்றாள். மாமி மறுபக்கத்தில் என்ன கேட்டார் என்று எனக்குக் கேட்கவில்லை. மனைவி சுவரில் சாய்ந்துகொண்டு, குடித்தவர்களை ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினாள். கார்ல்ஸ்ரூஹேயில் படிக்கிற, மகள் முறையான பெறாமகள், சின்ன மச்சான், அவருடைய மனைவி, பிள்ளைகள். யாரையும் விடாமல், அவசரமில்லாமல் சொன்னாள். நான் அறைக்கு வெளியே சப்பாத்தைக் கழற்றாமல் நின்றேன். நடுவில் எங்கேயோ, மற்றவர்களைச் சொன்ன அதே குரலில், "இவரும்" என்றாள். பிறகு அடுத்த ஆளைச் சொன்னாள்.