அமெரிக்காவிலிருந்து ஓர் உபயகாரர்

என் மகன் அமெரிக்கன் ஃபுட்போல் விளையாடுகிறான் என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்கு விளங்காது. கோயிலில் சந்திக்கிறவர்கள், "ஓ, உதைபந்தாட்டமோ?" என்பார்கள். இல்லை, இது பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற விளையாட்டு, தலையில் கவசம் போட்டு ஆளை ஆள் மோதி விழுத்துவார்கள் என்று நான் விளக்குவேன். "ஐயோ, பிள்ளையை ஏன் அதுக்கு விட்டனீங்கள்?" என்று நெஞ்சில் கைவைப்பார்கள். அவன் மோதுகிறவன் இல்லை, பந்தை உதைக்கிறவன் மட்டுந்தான் என்பேன். "அப்ப உதைபந்தாட்டந்தானே" என்று கதையை முடித்துவிடுவார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு வாய் அலுத்துப்போனது.

அவன் இங்கே ஒஸ்லோவில், நாங்கள் இருக்கிற ஸ்டோவ்னர்ப் பகுதியில், எல்லாப் பிள்ளைகளையும்போல உதைபந்தாட்டத்தில்தான் தொடங்கினான். அவனுடைய வலது காலைப் பார்த்த ஒருவர் இந்த விளையாட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். பிறகு அவன் உதைக்கிற வீடியோக்களை அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அனுப்பத் தொடங்கினான். கல்லூரி விளையாட்டு என்றால் மாணவர்கள் பின்னேரத்தில் பொழுதுபோக்குக்கு ஓடித் திரிவது என்றுதான் நினைத்திருந்தேன். கைபேசியில் காட்டினான். ஒஸ்லோவில் அப்படியொரு மைதானத்தை நான் கண்டதில்லை. நிறைந்து வழிகிற சனம், வாத்தியக் குழு, மேலே விமானம். "இது படிக்கிற இடமோ, பிள்ளை?" என்று கேட்டேன். சிரித்தான்.

முதலில் கூப்பிட்டது ஒரு சின்னக் கல்லூரி. அதன் பயிற்றுநர் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் கணினியில் முகம் காட்டிக் கதைப்பார். மெலிந்த மனிதர், எப்போதும் ஒரே தொப்பி. மகன் கதைத்துக்கொண்டிருக்க, என் கணவர் பின்னால் போய்க் குனிந்து "வணக்கம்" என்பார். இவருக்கு ஆங்கிலம் வராது என்றில்லை, அதுதான் மரியாதை என்று நினைப்பு. சில கிழமைகளில் அந்த மனிதரே முந்திக்கொண்டு "வனக்கம்" என்று சொல்லப் பழகிவிட்டார். படிப்புச் செலவு, தங்க இடம், சாப்பாடு, இவ்வளவும் தருவோம், அதற்கு மேல் எங்களிடம் இல்லை என்றார். மகன் சம்மதம் சொன்னான். கையெழுத்து வைக்கிற நாள் வரும்வரை அங்கே எல்லாம் வாய்ச்சொல்தானாம். "சொல்லுக் குடுத்தாச்சு" என்று என் கணவர் கோயிலில் எல்லாருக்கும் சொல்லி முடித்தார். அந்தச் சொல்லை நம்பித்தான், இங்கே பொறியியல் படிக்கக் கிடைத்த இடத்தை மகன் வேண்டாம் என்று விட்டான்.

இலையுதிர் காலத்தில் அந்தப் பெரிய மைதானக் கல்லூரி கூப்பிட்டது. அன்றைக்குத்தான் பூஸ்டர் என்கிற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

"பூஸ்டர் எண்டால் காசுக்காரர், அப்பா," என்று மகன் விளக்கினான். "அந்தக் கல்லூரியிலை படிச்சவை, இல்லாட்டில் அந்த ஊரிலை யாவாரம் செய்யிறவை. எல்லாருமாச் சேந்து காசு போட்டு, விளையாட வாற ஆக்களுக்குக் குடுக்கிறவை. முந்திக் குடுக்கக்கூடாது, இப்ப குடுக்கலாம். கல்லூரியும் குடுக்கும், அதுக்கு மேலை இவையும் குடுப்பினம்."

"அப்ப உபயகாரர்," என்றார் என் கணவர்.

சொல் அப்படியே பொருந்திவிட்டது. மகனும் "ஓம், அதுமாதிரித்தான்" என்றான். எனக்கு அந்தப் பொருத்தம் பிடிக்கவில்லை. ஆனால் ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

என் கணவருக்கு உபயம் என்றால் என்ன என்று தெரிந்தால்தான் இது விளங்கும். அவர் முதலில் வந்து இறங்கியது இந்த நாட்டின் வட முனையில், ஹம்மர்பெஸ்டில், மீன் தொழிற்சாலைக்கு. பிறகு ஒஸ்லோவில் பேருந்து. எத்தனையோ பேரை ஏற்றி இறக்குகிறார், ஒருவரும் அவருடைய முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். கோயில் திருவிழாவில் ஒரு நாள் எங்கள் உபயம், அன்றையச் செலவு முழுக்க எங்களுடையது. அன்றைக்கு ஒலிபெருக்கியில் அவருடைய பெயர் வரும், ஐயர் முதற் காளாஞ்சியை அவருடைய கையில் கொடுப்பார், தேங்காய்ப் பாதியும் வெற்றிலையும் பழமும் வைத்த அந்தத் தட்டை அவர் வாங்குகிறபோது முகத்தைப் பார்க்க வேண்டும். வருடம் முழுக்க அந்த ஒரு தட்டுக்காகத்தான் அந்த மனிதர் பனிக்குள் பேருந்து ஓட்டுகிறார் என்று நான் பகிடி பண்ணுவேன். அது முழுப் பகிடியும் இல்லை.

"அவை சும்மா குடுப்பினமோ?" என்று கேட்டேன்.

"நாங்கள் குடுக்கேக்கை சாமியிட்டை என்ன கேட்டனாங்கள்? முன்னுக்கு நிண்டு கும்பிட்டிட்டு வாறம். அவைக்கும் ஒரு மரியாதை, அவ்வளவுதான். நீர் எல்லாத்திலையும் சந்தேகப்படுவீர்."

சந்தேகப்படாமல் என்ன செய்வது? மகனே இன்னொரு சிக்கலையும் சொன்னான். வெளிநாட்டு மாணவன் அமெரிக்காவில் நின்று அந்தக் காசை வாங்கினால் விசாவுக்குப் பிரச்சினை வரலாமாம். ஆகவே போகுமுன் இங்கே, நோர்வேயில் நின்றே விளம்பரப் படம் எடுத்து அதற்கென்று கொடுப்பார்களாம். கொடுக்கப்போகிறவர் பார வண்டிகள் விற்கிற பெரிய முதலாளி. அவருடைய பூட்டன் நோர்வேயிலிருந்து கப்பலேறிப் போனவராம். "அவருக்கு நோர்வே எண்டால் உயிராம்," என்றான் மகன். "பாத்தீரோ," என்றார் இவர்.

மகன் அந்தச் சின்னக் கல்லூரிப் பயிற்றுநரைக் கூப்பிட்டுத் தான் வரவில்லை என்று சொன்னான். நான் குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் விளங்குகிறது என்றார், நல்லாயிரு என்றார், அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல் என்றார். மகன் குசினிக்குள் வந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து ஒன்றும் எடுக்காமல் நின்றான்.

"பேச்சு முடிஞ்ச கலியாணத்தைக் குழப்பினமாதிரிக் கிடக்கு," என்றேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

"அங்கை எல்லாரும் இப்பிடித்தான் அம்மா. கோச்மாரும் கூடக் காசு கிடைச்சால் நடுவிலை விட்டிட்டுப் போறவை."

அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் எல்லாரும் செய்கிறார்கள் என்று சொல்கிறபோது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

முதலாளியோடு கதைக்கிற நாள் வந்தது. நான் வேலை முடிந்து தே-பானே ரயிலில் வந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்தால் சந்தன மணம். இவர் வேட்டி கட்டி, சால்வை போட்டு, நெற்றி நிறைய விபூதியோடு நிற்கிறார். சாப்பாட்டு மேசையில், கணினிக்குப் பக்கத்தில், நிறைகுடம். மாவிலைக்கு எங்கே போனார் என்று கேட்கவில்லை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு.

"என்னப்பா இது, கொம்பியூட்டருக்கு நிறைகுடமோ?"

"வீட்டுக்கு வாற உபயகாரரை வேறை எப்பிடி வரவேற்கிறது?"

நான் மகனைப் பார்த்தேன். நீயாவது சொல்லு என்று கண்ணால் காட்டினேன். அவன் சிரித்துக்கொண்டு, "வடிவாத்தான் இருக்கு, விடுங்கோ அம்மா," என்றான். அந்தச் சிரிப்பில் வெட்கம் துளியும் இருக்கவில்லை.

திரையில் ஒரு பெரிய மனிதர் வந்தார். சிவந்த முகம், இங்கேயுள்ள நோர்வேஜியர்கள்கூட மலைக்குப் போகும்போது மட்டும் போடுகிற பின்னல் சுவெட்டர், பின்சுவரில் நோர்வேக் கொடி, மரத்தாற் செய்த ஒரு வைக்கிங் கப்பல். நோர்வேஜிய மொழியில் இரண்டு சொல் பாடமாக்கி வைத்திருந்து சொன்னார். மகன் ஸ்டோவ்னர்ப் பெடியன்கள் கதைக்கிற வேகத்தில் பதில் சொன்னான். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் மகனைப் பார்த்தார், பின்னால் நின்ற எங்களைப் பார்த்தார், நிறைகுடத்தைப் பார்த்தார். பக்கத்துச் சதுரத்தில் கல்லூரிப் பயிற்றுநர் பல்லை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார்.

நீ எப்போது நோர்வேக்கு வந்தாய் என்று கேட்டார். இங்கேதான் பிறந்தேன் என்றான். அதற்கு முன்பு என்று கேட்டார். அதற்கு முன்பு நான் இல்லை என்றான் மகன். அவர் பலமாகச் சிரித்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். தன் மனதிலிருந்த விளம்பரத்தையும் மறைக்காமல் சொன்னார். கொம்பு வைத்த தலைக்கவசம் போட்ட ஒரு வைக்கிங், பார வண்டிக்கு மேலாகப் பந்தை உதைக்கிறான். சொல்லச் சொல்ல அவருடைய குரல் மெல்ல இறங்கிக்கொண்டு போனது.

அந்த நேரம் பார்த்து என் கணவர் முன்னால் வந்தார். கையில் தட்டு. தேங்காய்ப் பாதி, வெற்றிலை, வாழைப்பழம். இரண்டு கையாலும் ஏந்தி அதைக் கணினியின் கண்ணுக்கு நேரே நீட்டி, ஆங்கிலத்தில், இது முதல் மரியாதை, உங்களுக்கு, என்றார். அந்த மனிதர் திகைத்துப்போய், இதை வைத்து நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். இவர் தட்டை இறக்கவில்லை. அவர் கை நீட்டித் தொடுகிறமாதிரிக் காட்டினால் போதும் என்று நினைத்திருக்க வேண்டும். கடைசியில் மகன்தான், இது எங்கள் நன்றி சொல்லுகிற முறை என்று சொல்லித் தகப்பனின் கையைப் பிடித்து மெல்ல இறக்கினான்.

அதற்குப் பிறகு அந்தப் பெரிய கல்லூரியிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. மகன் எழுதிக் கேட்டான், பிறகு திரும்பவும் கேட்டான். கையெழுத்து வைக்கிற நாளுக்குக் கிட்டத்தான் பயிற்றுநர் கூப்பிட்டார். காசு போடுகிறவர்கள் வேறொரு கல்லூரியில் ஏற்கெனவே விளையாடிக்கொண்டிருக்கிற ஒருவனை எடுக்க முடிவு செய்துவிட்டார்களாம். நீயும் வரலாம், ஆனால் படிப்புச் செலவெல்லாம் உன்னுடையது என்றார். இந்த வீட்டை விற்றாலும் அந்தச் செலவுக்குக் காணாது. அதுவும் அவருக்குத் தெரியும்.

புதியவனின் படத்தை மகன் எனக்குக் காட்டினான். மஞ்சள் முடி, கொம்பு வைத்த கவசம், கீழே பார வண்டி. பெயரின் கடைசிப் பகுதி நோர்வேப் பெயர். நோர்வேயை ஒரு நாளும் கண்ணால் கண்டிராத பெடியனாம்.

"அவன் என்னைவிட நல்லா உதைப்பான் அம்மா," என்றான்.

உண்மையா, என்னைத் தேற்றச் சொன்னானா, எனக்குத் தெரியாது. அந்த விளையாட்டில் யார் நன்றாக உதைக்கிறார்கள் என்று எனக்கு இன்றைக்கும் பார்க்கத் தெரியாது. எனக்கு வந்த கோபத்துக்கு யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை. தன் காசைத் தன் விருப்பப்படி போட்டார் என்று அந்த மனிதரை விட்டுவிடலாம். ஆனால் நாங்கள் கொடுத்தபோது சாமியை மாற்றச் சொல்லிக் கேட்டோமா? உபயகாரர் என்ற சொல் ஏன் எனக்கு உறுத்தியது என்று அப்போதுதான் விளங்கியது.

என் கணவர் அந்தச் சொல்லைப் பிறகு வாயில் எடுக்கவில்லை. அவருக்கு வேறு ஒன்று பிடித்துக்கொண்டது. சாப்பிட்டுக்கொண்டிருப்பார், திடீரென்று, "நிறைகுடம் வைச்சிருக்கக்கூடாது," என்பார். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார், "வேட்டியை விட்டிட்டுக் காற்சட்டை போட்டுக்கொண்டு நிண்டிருக்கலாம்," என்பார். "விசர்க் கதை கதையாதையுங்கோ," என்று நான் சீறுவேன். மகன், "அதாலை இல்லையப்பா," என்பான். முதலில் அதைத் தகப்பனின் முகத்தைப் பார்த்துச் சொன்னான். போகப்போகக் கைபேசியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். பிறகு சொல்வதே இல்லை.

தை பிறந்து போனது. அவன் கடையொன்றில் பகுதி நேர வேலைக்குப் போனான். பனி கொட்டிய மைதானத்தில் தனியாக உதைத்துவிட்டு நனைந்த சப்பாத்தோடு வருவான். நான்தான் சொன்னேன், அந்த மெலிந்த மனிதரைக் கேட்டுப் பார் என்று. "என்ன முகத்தோடை கேக்கிறது?" என்றான். இருக்கிற முகத்தோடு கேள் என்றேன். எழுதினான். ஞாயிறு கதைப்போம் என்று உடனே பதில் வந்தது.

அந்த ஞாயிறு பின்னேரம் மூன்று பேரும் வீட்டில் இருந்தோம். கணினி மணி அடித்ததும் என் கணவர் எழும்பினார். வழக்கம்போல வணக்கம் சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் பால்கனிக் கதவைத் திறந்து வெளியே போய், கதவைச் சாத்திக்கொண்டார். மெல்லிய சேட்டு மட்டும், வெளியே உறைபனி. உள்ளே வாங்கோ என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கைகாட்டினேன். அவன் கதைக்கட்டும் என்று அவர் கையை அசைத்துவிட்டு, எதிரே இருந்த மாடிக் கட்டடங்களின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகன் அதைப் பார்த்தான். அழைப்பை எடுத்தான்.

அதே தொப்பி. அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாயிற்று என்றார். ஆனால் அவரிடம் ஏற்கெனவே உதைக்கிற இன்னொரு பெடியன் வருகிற வருடம் படிப்பை முடிக்கிறான், அப்போது ஓர் இடம் வரும். முன்பு சொன்னதுதான், படிப்பு, தங்க இடம், சாப்பாடு, அதற்கு மேல் இல்லை. இந்த முறை சொன்னால் சொன்னதாக இருக்க வேண்டும் என்றார். இருக்கும் என்றான் மகன். எனக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது.

பிறகு அவர், எங்கே வணக்கம் சொல்கிறவர், அப்பாவைக் காணவில்லையே என்று கேட்டார்.

மகன் கண்ணாடிக் கதவைப் பார்த்தான். இவருடைய மூச்சு வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது. கைகளை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு நின்றார். இப்போது கூப்பிடுவான் என்று நான் எழும்பிக் கதவுப் பக்கம் போனேன்.

"வேலைக்குப் போயிட்டார்," என்று மகன் ஆங்கிலத்தில் சொன்னான்.

பாவம், ஞாயிற்றுக்கிழமையும் வேலையா, என் வணக்கத்தைக் கட்டாயம் சொல்லிவிடு என்றார் அந்த மனிதர். சொல்கிறேன் என்றான்.

கணினியை மூடியதும் இவர் உள்ளே வந்தார். மூக்கு சிவந்திருந்தது. "என்னவாம்?" என்றார். "அடுத்த வருசம் இடம் இருக்காம், அப்பா." இவர் அவனுடைய தலையைத் தடவினார். கை குளிர்ந்திருக்க வேண்டும், அவன் கழுத்தைச் சுருக்கிக்கொண்டான்.

"நான் நிண்டது அவருக்குத் தெரியேல்லைத்தானே?"

"இல்லையப்பா. தெரியேல்லை."

"அதுதான் நல்லது," என்று சொல்லிவிட்டு இவர் கைகளைத் தேய்த்துக்கொண்டு குசினிக்குள் போனார். அந்த மனிதர் சொல்லிவிட்ட வணக்கத்தை மகன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.