சிவப்பு நகம்

சாகப்போகிறது என்று தெரிந்த உயிரைக் காட்டிக்கொடுப்பது, பிழைக்கப்போவதைக் காட்டிக்கொடுப்பதைவிடச் சிறிய குற்றமா? பொட்டலக்காரியிடம் ஒரு காலை நேரம் இதைக் கேட்டது.

ஆஸ்பத்திரிச் சலவையில் இருபது வருடம் துணி மடித்தவள். வௌவால் காப்பகத்தில் சேர்ந்தபின், தாயிழந்த குட்டிகளைச் சிறகோடு துணியில் இறுகச் சுற்றிப் பால் கொடுத்தாள். பெயர் அப்படி வந்தது.

“தலைகீழா தொங்குறதுக்கெல்லாம் பாலு. நேரா உக்காந்திருக்கிற எனக்கு ஒரு டீ கெடையாதா?” என்பார் கணவர்.

“நீங்களும் தொங்குங்க, பாக்கலாம்.”

பழந்தின்னி வௌவால் பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு குட்டிதான் ஈனும். அந்தப் பருவத்தில் காப்பகத்துக்கு வந்தவை பதினொன்று. அடையாளத்துக்குக் கால் நகத்தில் ஆளுக்கொரு நிறச் சாயம். பச்சை நகக் குட்டி இரண்டு வாரத்தில் பறக்கப் பழகும் கூண்டுக்குப் போகவிருந்தது. சிவப்பு மூன்று நாளாகப் பாலைத் தொடவில்லை.

அன்று ஒரு மடிப்பைத் தளர விட்டுவிட்டாள். பச்சை அவள் விரலைக் கடித்தது. சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவியும் ரத்தம் நிற்கவில்லை. விதி அவளுக்கு மனப்பாடம்: கடித்த குட்டியைக் கொன்று மூளையைச் சோதிப்பார்கள். அதில் ரேபிஸ் வகைக் கிருமி இருந்தால் கடிபட்டவருக்கு ஊசி.

கால்நடை மருத்துவர் உள்ளே வந்து விரலைப் பார்த்துவிட்டார்.

“எது கடிச்சுதுக்கா?”

பொட்டலக்காரி குழாயை மூடவில்லை.

“சரியா சொல்லுங்க. அறிகுறி வந்துட்டா அப்புறம் வைத்தியமே கெடையாது.”

“தெரியும்மா. சிவப்பு.”

“இதுக்கா கடிக்கத் தெம்பு இருந்துச்சு?”

“சாகப்போறதுக்குத்தான் கோவம் ஜாஸ்தி.”

சிவப்பை அவளே சுற்றிக் கொடுத்தாள். அது பிழைத்திருக்கவும் கூடும்; அப்படிச் சில குட்டிகள் தேறியதை அவள் பார்த்திருக்கிறாள். அவளை நல்லவள் என்று சொல்லிவிட முடியாது.

பச்சையைத் தனிப் பெட்டிக்கு மாற்றினாள். குடிக்கிறதா, விழுங்க முடிகிறதா, கால் நடுங்குகிறதா என்று இரண்டு நாள் பார்த்தபடியே இருந்தாள். வீட்டில் தண்ணீர் குடிக்கும்போது தன் தொண்டையையும் கவனித்தாள். ஊசி கேட்டால் சந்தேகம் வரும், பச்சை போய்விடும். கேட்காவிட்டால் தன் உயிரே போகலாம். கணவரிடம் மூச்சு விடவில்லை.

மூன்றாம் நாள் மருத்துவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

“சிவப்புக்கு ஒண்ணுமே இல்லக்கா! ஊசி வேண்டாம்.”

“போட்டுடுங்கம்மா.”

“எதுக்கு?”

“எல்லா ஊசியும்.”

மருத்துவரின் சிரிப்பு நின்றது. பதினொன்றில் மிஞ்சிய பத்துப் பெட்டிகளையும் ஒரு முறை பார்த்தார். “எதுக்குக்கா?” என்று மறுபடி கேட்டார், இந்த முறை மெதுவாக.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.