எலுமிச்சையின் மூன்றாம் அடுக்கு

பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் எனக்கிருந்த ஒரே நெருங்கிய தோழி, நாசி கண்டார் என்னும் சோறும் கறியும் விற்கும் ஒரு கடைக்காரரின் மகள். பள்ளி விட்டதும் இருவரும் அவர்கள் கடைக்குத்தான் போவோம். மதியக் கூட்டம் கலைந்தபின் பின்பக்க மேசை எங்களுடையது.

படிகப் பாடம் வந்தபோது நான் தடுமாறினேன். உப்போ இரும்போ, உள்ளே அணுக்கள் ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஒழுங்கின் மிகச் சிறிய துண்டுதான் அலகுக்கூடு. அதுவரை புரிந்தது. எளிய கனசதுரக் கூட்டின் எட்டு மூலைகளிலும் அணு இருந்தாலும், கூட்டுக்குச் சொந்தம் ஒன்றே ஒன்று என்றார்கள். அது புரியவில்லை.

அவள் எட்டுத் தீப்பெட்டிகளைக் கொண்டுவந்து நாலின் மேல் நாலாக அடுக்கினாள்.

"நடுவுல எல்லாப் பெட்டியும் ஒரே இடத்துல முட்டுது பாரு. அங்க இருக்கிற அணுவ எட்டுப் பேர் பங்கு போடணும். உன் பெட்டிக்கு எட்டு மூலை, எட்டுத் துண்டு. சேர்த்தா ஒண்ணு. அவ்வளவுதான் லா."

அடுத்த நாள் எலுமிச்சைக் கூடையை எடுத்துவந்தாள். தட்டில் ஒரு அடுக்கை நெருக்கமாகப் பரப்பி, அதன் குழிகளில் இரண்டாவதை வைத்தோம். மூன்றாவதில் சண்டை வந்தது. நான் முதல் அடுக்கின் பழங்களுக்கு நேர் மேலே வைத்தேன். அவள் அவற்றைத் தள்ளிவிட்டு, முதல் அடுக்கில் மிச்சமிருந்த குழிகளுக்கு மேலே வைத்தாள்.

"டீ கேட்டு ஆள் நிக்குது, எலுமிச்சைய எங்க கொண்டு போனம்மா?" என்று அவளுடைய வாப்பா உள்ளிருந்து கத்தினார். இருவரும் காதில் வாங்கவில்லை. புத்தகத்தைப் புரட்டினால் இரண்டும் சரி. என்னுடையது துத்தநாகத்தில் இருக்கும் அறுகோண அடுக்கு. அவளுடையது செம்பில் இருக்கும் முகமைய கனசதுரம். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

தேர்வு முடிவு வந்தது. அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. நான் கேட்ட படிப்பு எனக்குக் கிடைக்கவில்லை. அந்த மாதமே அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், மின்னணுச் சில்லு செய்யும் சிலிக்கான் வில்லைகளைச் சோதிக்கும் வேலைக்குப் போனேன்.

அவள் மேலே மேலே படித்து இங்கிலாந்து போனாள். ஒருநாள் கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினாள். கறுப்புப் பின்னணியில் வரிசை வரிசையாய் வெள்ளைப் புள்ளிகள். "என்னன்னு சொல்லு பார்ப்போம்?"

எனக்குத் தெரியும். படிகத்தின் வழியே எக்ஸ் கதிர் போய் விழுந்த தடம். பதிலை எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். அனுப்பவில்லை. அதற்குப் பிறகு வந்தவற்றுக்கும் அப்படியே. மெல்ல அவளும் நிறுத்திவிட்டாள். வேலையில் ஒவ்வொரு வில்லையைத் தொடும்போதும் அவளிடம் ஏதாவது சொல்லத் தோன்றும். பதினொரு வருஷம் அப்படிப் போனது.

இந்த வருஷம் வாப்பாவுக்கு உடம்பு முடியாமல் அவள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அன்றைக்குப் பட்டர்வொர்த்தில் இருந்த வேலையைத் தள்ளிவைத்துவிட்டுக் கடைக்குப் போனேன். கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"ஏன்டி பதிலே போடல?"

"நீ போன இடத்துக்கு நானும் போக ஆசைப்பட்டேன். அந்தப் படத்தப் பார்க்கவே முடியல."

"நான் உனக்குப் பிடிக்காமப் போயிட்டேன்னு நெனச்சேன்," என்றாள்.

பிறகு என் வேலையைப் பற்றிக் கேட்டாள். படிகம் எந்தத் திசையில் அமைந்திருக்கிறது என்று காட்ட வில்லையின் ஓரத்தில் வெட்டியிருக்கும் சின்னப் பள்ளத்தைப் பற்றிச் சொன்னேன். கேள்வி மேல் கேள்வி கேட்டாள். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

வாப்பா தேறியதும் அவள் திரும்பிப் போனாள். இப்போது ஞாயிறு தோறும் பேசுகிறோம். கைப்பேசியை வைத்தபின் வீடு ரொம்ப அமைதியாகிவிடுகிறது.

"ஒருதடவ இங்க வாயேன், என் லேப்பக் காட்டுறேன்," என்றாள் போன வாரம்.

விடுப்புக்கான விண்ணப்பப் பாரத்தை நிரப்பிப் பையில் வைத்திருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை.