நாலு தையலுக்கு ஒரு முடிச்சு

என் தங்கச்சி வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதென்றால் அவர் காரில் இருந்துதான் நான் ஆரம்பிக்க வேண்டும். இருபத்தெட்டு வருஷமாக வண்டிகளுக்கு சீட் தைத்துப் பிழைக்கிறவன் நான். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டாயிற்று. ஒருத்தன் மூஞ்சியைப் பார்த்து ஆளை எடை போட எனக்குத் தெரியாது. அவன் உட்கார்ந்து எழுந்த இடத்தைக் காட்டினால் சொல்லிவிடுவேன்.

அப்பா இல்லாத வீடு. தங்கச்சிக்கு நான்தான் மாப்பிள்ளை பார்த்தேன். முதலில் வந்தவன் டிரைவர், நல்ல பையன். "டிரைவருக்குப் பொண்ணு கிடையாது" என்று வாசலிலேயே அனுப்பிவிட்டேன். டிரைவர் சீட்டைப் பிரித்துப் பார்த்தவனுக்குத்தான் அந்த இடுப்பு படுகிற பாடு தெரியும். அப்புறம்தான் வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற இவரைப் பிடித்தேன்.

ஆறு வருஷம் கழித்து இப்போதுதான் அவர்களைப் பார்க்கப் போனேன். ஊர் திரும்ப ஒரு நாள் இருக்கும்போது, அருவி, கோட்டை, கலங்கரை விளக்கம் மூன்றையும் காட்டிவிடுகிறேன் என்று மாப்பிள்ளை தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். முன்சீட்டுக்குப் போன என்னை மடக்கி, ஓடி வந்து பின்கதவைத் திறந்துவிட்டார்.

"பின்னாடி உக்காருங்க மச்சான். அதுதான் வசதி."

உட்கார்ந்ததும் எனக்கு ஒரு பக்கம் இறங்கியது. நடைபாதைப் பக்கத்து ஸ்பாஞ்சு செத்துக் கிடந்தது. மறுபக்கம் அப்படியே புதுசு. புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர் இருக்கிற வீட்டில் பின்சீட் எதற்குத் தேய வேண்டும்? தனியாக வருகிற ஆள் ஏறி, உட்கார்ந்து, அதே பக்கம் இறங்கினால்தான் இப்படிப் பள்ளம் விழும். வாடகை வண்டிப் பள்ளம்.

"வண்டி யாருது மாப்பிள்ளை?"

"என்ன மச்சான் கேள்வி இது? நம்மளுதுதான்."

கண்ணாடி வழியாகச் சொன்னார். அந்தக் கண்ணாடியும் ரோட்டைப் பார்க்கவில்லை, என் மூஞ்சியைப் பார்த்தது. முன்பக்கக் கண்ணாடி மூலையில் எதையோ உரித்தெடுத்த பசை சதுரமாக ஒட்டியிருந்தது.

அருவியில், "நீங்க நிதானமா பாத்துட்டு வாங்க" என்று அவர் வண்டியிலேயே நின்றுகொண்டார். நான் தண்ணீரைப் பார்க்கவில்லை, திரும்பித் திரும்பி அவரைத்தான் பார்த்தேன். வண்டி நிறுத்துமிடத்துக் காவலாளி அவர் தோளில் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"மாப்பிள்ளை இங்க அடிக்கடி வருவாரோ?"

"அருவியைப் பாருண்ணே" என்றாள் தங்கச்சி.

"பாத்தாச்சு. தண்ணி மேலருந்து கீழதான் விழுது."

கோட்டையிலும் அதே கதை. எந்த வாசல் பூட்டியிருக்கும், கக்கூஸ் எந்த மூலையில் இருக்கும், எல்லாம் அத்துப்படி. "சுத்திட்டு பின்வாசல் வழியா வாங்க, அங்க நிக்கிறேன்" என்றார். ஆபீஸில் உட்காருகிறவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? வேலை போயிருக்கிறது. தினமும் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, என் தங்கச்சியை ஏமாற்றி டாக்ஸி ஓட்டுகிறான். சொன்னால் அவள் உடைந்துபோவாள். சொல்லாமல் நாளைக்கு விமானம் ஏறினால் நான் அண்ணனே இல்லை.

கலங்கரை விளக்கத்தில் முட்டி வலி என்று கீழேயே நின்றுவிட்டேன். அவள் மேலே ஏறினாள். அவர் டீ வாங்கப் போன நேரம் பார்த்து முன்கதவைத் திறந்தேன். டிரைவர் சீட்டில் முதுகுக்கு ஒரு சின்ன மெத்தை. கடையில் வாங்கியதில்லை. திருப்பிப் பார்த்தேன்.

நாலு தையலுக்கு ஒரு முடிச்சு.

ஒரு இடத்தில் பிய்ந்தால் மிச்சம் ஓடிவிடக் கூடாது என்று நான் போடுகிற முடிச்சு அது. எங்கள் தெருவில் வேறு எவனும் போட மாட்டான், நேரம் வீண் என்பான். பள்ளிக்கூடம் விட்டதும் என் கடைக்கு வந்து, துண்டு ரெக்சினில் அதையே தைத்துப் பழகினவள் ஒருத்திதான்.

அப்போ, அவளுக்கு எல்லாம் தெரியும். தெரியாத முட்டாள் நான் மட்டும்தான்.

இரண்டு காகிதக் கோப்பையோடு வந்த மாப்பிள்ளை, என் கையில் மெத்தையைப் பார்த்ததும் அப்படியே நின்றார். படி இறங்கி வந்த தங்கச்சிதான் பேசினாள்.

"ஆபீஸை மூடிட்டாங்கண்ணே. ஒன்றரை வருஷம் ஆச்சு."

"எங்கிட்ட எதுக்கு மறைச்ச?"

"டிரைவருக்குப் பொண்ணு கிடையாதுன்னு சொன்னது யாரு? வந்து கூட்டிட்டுப் போயிடுவியோன்னு பயமா இருந்துச்சு."

மாப்பிள்ளை தலை நிமிரவே இல்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. ஒன்றை வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். அப்புறம் மெத்தையை அமுக்கிப் பார்த்தேன்.

"உள்ள என்னடி அடைச்சிருக்க?"

"பழைய துணிண்ணே."

"கடையில இதைத்தான் கத்துக்கிட்டியா? துணி கட்டி கட்டியாயிடும். இந்த மனுஷன் இடுப்பு என்னத்துக்கு ஆகும்? மாப்பிள்ளை, இங்க ஸ்பாஞ்சு எங்க கிடைக்கும்?"

"கோட்டைக்குப் பின்னாடி ஒரு கடை இருக்கு மச்சான்."

"அதுவும் தெரியுமா உங்களுக்கு? சரி, வண்டியைத் திருப்புங்க. கத்தரிக்கோல், ஊசி எல்லாம் வீட்ல இருக்குல்ல?"

அவர் வழக்கம் போலப் பின்கதவுக்கு ஓடினார். நான் முன்கதவை நானே திறந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ அந்தப் பள்ளத்துல உக்காராத, தள்ளி உக்காரு" என்றேன் தங்கச்சியிடம். கண்ணாடியைத் திருப்பி அவள் மூஞ்சியைப் பார்த்தேன். "இன்னும் என்னென்ன மறைச்சு வச்சிருக்கீங்க ரெண்டு பேரும்? கடை வர்றதுக்குள்ள சொல்லிடுங்க."