நாற்பத்தேழின் மறுபாதி

இது நடந்தது. போன ஐப்பசியில், ஸ்ரீரங்கம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் நடந்தது. கதை விடுகிறான் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. இதை நினைத்தால் எனக்குப் பயத்துக்கு முன்னால் கோபம்தான் வருகிறது.

இளவேனிலுக்கும் கோபத்தில்தான் ஆரம்பித்தது. கொண்டையம்பேட்டைக்காரி. அரியலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரவு ஆயா வேலை. சாயங்கால ரயிலில் போய் விடிகாலை ரயிலில் திரும்புவாள். வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் ஒரே ஒரு சைக்கிள். அதுவும் அவளுடையதில்லை, மகள் தேவதர்ஷினிக்குப் பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிள். ராத்திரி அது ஸ்டேஷன் பக்கத்து ஸ்டாண்டில் நிற்கும். காலை ஆறரைக்குள் வீடு போய்ச் சேர வேண்டும், மகள் அதில்தான் ஸ்பெஷல் கிளாசுக்குப் போவாள். பன்னிரண்டாம் வகுப்பு. அந்தச் சைக்கிள் போனால் அம்மாவின் வேலை போகும், இல்லாவிட்டால் மகளின் படிப்பு போகும். இன்னொன்று வாங்க வழியில்லை.

ஸ்டாண்டு வாசலில் 'இரவு முழுவதும் காவல் உண்டு' என்று கொட்டை எழுத்தில் போர்டு. பார்த்துக்கொள்கிறவர் நஸ்ருல்லா பாய், வயது ஐம்பத்தைந்து இருக்கும். ஒரு மஞ்சள் அட்டையில் நம்பரை மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை எழுதுவார். நடுவில் கையால் கிழிப்பார். ஒரு பாதி ஹேண்டில்பாரில் தொங்கும், மறுபாதி நம்மிடம் இருக்கும். கையால் கிழித்தால் ஒரு கிழிசல் மாதிரி இன்னொன்று வராதல்லவா? திரும்பி வரும்போது இரண்டையும் ஒட்டவைத்துப் பார்ப்பார். கிழிசல் சேர்ந்தால்தான் வண்டி. இளவேனிலுக்கு வந்த நம்பர் நாற்பத்தேழு.

இரவு வண்டிகளை ஒரே வரிசையில் நிறுத்தி, சக்கரங்களுக்குள் ஒரே நீளச் சங்கிலியை விட்டுப் பூட்டுவார். பத்து மணிக்குக் கேட்டையும் வெளியே பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஆமாம், வீட்டுக்கு. காவல் என்பது அந்தப் போர்டோடு சரி.

அங்கே வண்டி விட ஆரம்பித்த முதல் வாரமே ஒரு காலையில் சைக்கிள் சீட் இறங்கியிருந்தது, நாலு விரல்கடை. இளவேனில் நெட்டை, முழங்கால் இடித்தது. ஏற்றி வைத்தாள். மறுநாளும் இறங்கியிருந்தது. அதற்கு மறுநாள் முன்கூடையில் பன் துகள். பிறகு ஒரு நாள் டயர் முழுக்க ஈரச் சேறு, மட்கார்டில் ஒரு நசுங்கல். சங்கிலி பூட்டியபடியே இருந்தது.

ராத்திரியில் யாரோ வண்டியை எடுத்து ஓட்டுகிறான். பாயே வாடகைக்கு விடுகிறாரோ என்னவோ! இளவேனில் கேட் முன்னால் நின்று கத்தித் தீர்த்துவிட்டாள்.

"ராத்திரி காவல்னு போர்டு மாட்டிட்டு வீட்ல போய்த் தூங்குறீங்களே பாய், வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

பாய் கோபப்படவில்லை. தரையைப் பார்த்தார்.

"முன்னாடி இங்கதாம்மா படுத்திருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். அது அவள் எரிச்சலை இன்னும் கிளப்பியது. அந்த வியாழக்கிழமை லீவு போட்டாள். என்னை உள்ளே வைத்துப் பூட்டுங்கள், திருடனைக் கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று நின்றாள். அவர் முடியாது என்றார். போலீசுக்குப் போவேன் என்றதும் சம்மதித்தார். பூட்டும்போது கம்பி வழியாக ஒன்று சொன்னார்.

"யாரு கூப்பிட்டாலும் பதில் சொல்லாதீங்கம்மா."

மணி பத்து. ஒரு குழல் விளக்கு. மூலையில் உடைந்த ஸ்டூல். இளவேனில் சைக்கிளுக்கு எதிரே உட்கார்ந்தாள். பக்கத்தில் காற்றடிக்கிற பம்பு, வருகிறவன் மண்டையில் போட.

10:09. ஸ்டேஷனில் ஒரு ரயில் வந்து நின்ற சத்தம்.

10:12. கேட் ஆடியது. டங்... டங்... டங்.

"பாய்... கேட்டத் தொறங்க. ரயிலு லேட்டு பாய்."

பெண் குரல். இளவேனில் எழுந்திருக்கவில்லை. பாய் சொன்னது ஞாபகம் இருந்தது.

"உள்ளதான இருக்கீங்க? எனக்குத் தெரியும். வண்டிய எடுத்துட்டுப் போயிடுறேன். புள்ள தனியா இருக்கு பாய்..."

டங்... டங்.

"ரயிலு லேட்டானா அது என் தப்பா? தொறங்க. நாப்பத்தேழு."

நாற்பத்தேழு!

இளவேனிலுக்குத் தலைக்கேறிவிட்டது. பாயாவது, எச்சரிக்கையாவது. பம்பைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனாள்.

"அது என் வண்டி. தெனமும் எடுத்துட்டுப் போறது நீதானா?"

குள்ளமான பெண். கைப்பை. தலை குனிந்திருந்தது. முகம் தெரியவில்லை. கம்பிக்குள் கையை நீட்டினாள்... விரல்களில் பாதி மஞ்சள் அட்டை. 47.

"கிழிசலப் பாத்துக்கங்க."

இளவேனில் வெடுக்கென்று பிடுங்கினாள்.

சுட்டது.

அடுப்பிலிருந்து எடுத்தது மாதிரி சுட்டது. உதறினாள். கீழே விழுந்தது.

அப்போது... பின்னால்... அவள் சைக்கிள் பெல்.

டிங்.

திரும்பினாள். வரிசையில் ஒரு இடைவெளி. சங்கிலி அந்த இடத்தில் தொய்ந்து கிடந்தது. பூட்டு பூட்டியபடி.

கேட்டைப் பார்த்தாள். யாரும் இல்லை.

சந்து முனையில் மகளுடைய சைக்கிளின் செயின் கவர் சத்தம். கடக்... கடக்... கடக்... தூரம் போனது.

கேட் வெளியே பூட்டியிருந்தது. கம்பியைப் பிடித்து உலுக்கினாள். கத்தினாள். அழுதாள், பயத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி. காலையில் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

பாய்க்கு ஏழு தடவை போன் போட்டாள். எடுக்கவில்லை.

கண்ணை மூடவே இல்லை.

4:38.

டிங்.

சைக்கிள் நின்றது. அதே இடத்தில். சங்கிலிக்குள். சீட் நாலு விரல்கடை இறங்கியிருந்தது. பின்சக்கரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஐந்து மணிக்குப் பாய் கேட்டைத் திறந்தார். இளவேனில் வாயைத் திறக்குமுன் தரையில் கிடந்த அட்டையைப் பார்த்துவிட்டார். எடுத்தார். ஓரம் கருகியிருந்தது. மேசை டிராயரின் அடியிலிருந்து ஒரு பழைய பாதி அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டு தடவை தவறியது. மூன்றாவது தடவை கிழிசல் சேர்ந்தது.

பிறகுதான் வாயைத் திறந்தார். அவள் பெயர் ஜோதி. திருவானைக்காவல். லால்குடியில் ஒரு ஹாஸ்டலில் சமையல். விடிகாலை ரயிலுக்கு வந்து வண்டியை விடுவாள், ராத்திரி ரயிலில் இறங்கி எடுப்பாள். போன வருஷம் ஒரு நாள் ரயில் தாமதம். பத்து மணிக்கு மேல் எவர் வந்தாலும் திறக்காதே என்று ஓனர் உத்தரவு, கண்காணிக்க ஒரு கேமராவும். பத்து பன்னிரண்டுக்கு வந்து கேட்டைத் தட்டினாள். கால் மணி நேரம் தட்டினாள். பிறகு நடந்தே போனாள். டிரங்க் ரோட்டில் லாரி. மகளுக்கு வாங்கிய பன் ரோட்டில் கிடந்ததாம்.

கேட்பாரில்லாமல் நின்ற அவள் சைக்கிளை ஓனர் ஆறு மாதத்தில் காயலான் கடைக்குப் போட்டார். டோக்கன் வராத வண்டியின் நம்பரை வேறு ஆளுக்குக் கொடுக்கக் கூடாது, அது ஸ்டாண்டு வழக்கம். பாய் எடுத்துச் சொல்லியிருக்கிறார். செத்தவளுக்கு எதுக்கய்யா நம்பர் என்று ஓனர் சிரித்தாராம்.

"நீங்க உள்ளதான இருந்தீங்க அன்னிக்கு?" என்றாள் இளவேனில்.

பாய் தலையாட்டினார்.

"தொறந்திருக்கலாம்ல?"

அவர் குனிந்து சங்கிலிப் பூட்டைத் திறந்தார். இளவேனில் சீட்டை ஏற்றவில்லை. இறங்கிய சீட்டிலேயே ஏறி உட்கார்ந்தாள். கிளம்புமுன் ஒன்று கேட்டாள். அந்த டோக்கனைப் போலீஸ் எடுத்திருக்குமே, அது இங்கே எப்படி வந்தது?

"யாரும் எடுக்கலம்மா. அத மூடிப் பிடிச்ச விரலப் பிரிக்கவே முடியல. கையில இருந்தபடியே ஓயாமாரி சுடுகாட்டுல வச்சு எரிச்சாங்க. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."